மொய்க்காக ஒரு காதுகுத்து

என் வீட்டுக்காரர் தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் பத்து வருடத்துக்கு மேல் சேல்ஸ்மேனாக இருந்தார். காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டரை இறக்கும் வரைக்கும் அங்கே யாரும் உட்காரக் கூடாது. ஆள் வராத நேரத்திலும் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "நம்ம கடைன்னு ஒண்ணு இருந்தா உக்காந்து யாவாரம் பாக்கலாம்" என்பார். உட்காருவதற்காக ஒருவர் கடை வைத்தால் அந்தக் கடை எப்படி ஓடும் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். வீங்கிய காலைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் அவர் நினைத்தபடியே கடை வைத்தார். அடையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். பெசன்ட் நகரில் புதுக் குடியிருப்புகள் வருகின்றன, குடும்பங்கள் வரும், குடும்பம் வந்தால் குழந்தைகள் வரும், குழந்தைகளுக்குக் கவுன் வேண்டும் என்று கணக்குப் போட்டார். அடையாறு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இடம் பிடித்தார். குழந்தைகளுக்கான ரெடிமேட் துணிகள் மட்டும். சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கடனுக்குத் துணி எடுப்பார். சைதாப்பேட்டையில் ஒரு தையல்காரர் தைத்துக் கொடுப்பார். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்கட்டில் எங்கள் போர்ஷன். அங்கே உட்கார்ந்து நான் காஜா எடுத்து பட்டன் வைப்பேன். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்து வைப்பது அவள் வேலை.

கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. அடையாற்றுக்காரர்களுக்குக் கைக்குட்டை வாங்குவதென்றால்கூட பஸ் ஏறி தியாகராய நகருக்குப் போனால்தான் வாங்கிய மாதிரி இருக்கும். பக்கத்துத் தெருவில் கவுன் கிடைக்கிறது என்றால் அந்தக் கவுனில் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். தப்பித்தவறி உள்ளே வருகிறவர்களையும் இவரே விரட்டினார். பெரிய கடைப் பழக்கம் போகவில்லை. ஒரு கவுன் கேட்டால் ஒன்பதை எடுத்துப் போடுவார். விரித்து, உதறி, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுவார். அங்கே அப்படிக் காட்டினால் பின்னால் மூன்று மாடிச் சரக்கு நிற்கும். இங்கே ஐந்து நிமிஷத்தில் கடையில் இருந்ததெல்லாம் மேஜைக்கு வந்துவிடும். "வேற காட்டுங்க" என்று அந்த அம்மாள் சொல்லும்போது காட்ட ஒன்றும் இருக்காது. அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் மடித்து வைப்பார். மடிப்பதில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஊரூர்க் குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் ஒரு அம்மாள்தான் வாடிக்கை என்று சொல்லும்படி இருந்தாள். கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, துணியைத் தொடாமல் கண்ணாலேயே பார்ப்பாள். நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள் அவள் இவரிடம் கேட்டது காதில் இருக்கிறது.

"இன்னா நைனா, கடையத் தொறந்து வச்சிகினு காத்து வாங்கினு கீறியா?"

அவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. என் வளையல்களும் சங்கிலியும் அதற்குள் சேட்டுக் கடைக்குப் போய்விட்டிருந்தன. தாலிக்கு மஞ்சள் கயிறுதான்.

சிறு வியாபாரிகளுக்கு பாங்கில் கடன் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். மானேஜர் மரியாதையாக உட்காரச் சொல்லி, காப்பிகூட வாங்கிக் கொடுத்து, சொந்த வீடு இருக்கிறதா, ஜாமீன் போட ஆள் இருக்கிறதா என்று கேட்டாராம். இரண்டும் இருந்தால் நான் எதற்கு உங்களிடம் வருகிறேன் என்று கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டியதுதானே என்றேன். "காப்பி குடிச்சிட்டு எப்படி அப்படிக் கேக்குறது" என்றார். இப்படிப்பட்ட மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆனியில் சௌகார்பேட்டைக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். பழைய பாக்கியைக் கட்டினால்தான் தீபாவளிக்குச் சரக்கு. குழந்தைத் துணி வியாபாரத்தில் தீபாவளிதான் வருடம். மற்ற மாதங்களெல்லாம் அதற்குக் காத்திருப்பது. தீபாவளிச் சரக்கு இல்லாவிட்டால் கடை இல்லை.

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மோர் ஊற்றும்போது சொன்னார்.

"பிள்ளைக்குக் காது குத்திருவோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தெற்குச் சீமையில் பிறந்த யாருக்கும் புரியும். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். எழுதிய பணம் சும்மா கொடுத்ததல்ல. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போய் அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். வட்டி என்ற பேச்சில்லை, பத்திரம் இல்லை, ஊரே சாட்சி. மகளுக்குக் கல்யாணம், கிணறு வெட்டணும், கடனில் மூழ்கியாயிற்று என்றால் ஒரு காதுகுத்தை வைத்து மூச்சு விட்டுக்கொள்வார்கள். இதில் கேவலம் ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரர் சேல்ஸ்மேன் சம்பளத்தில் யார் வீட்டு விசேஷத்தையும் விட்டதில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் அதுவரை வைத்ததில்லை. "நாம போட்டதெல்லாம் வெளியிலதான நிக்கிது? அதக் கேட்டு வாங்குறதுக்கு இதான் வழி" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

எனக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. காதுகுத்து என்றால் தாய்மாமன். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தங்கத் தோடு அவன் சீர். பட்டுப் பாவாடை அவன் சீர். அந்தத் தாய்மாமன் என் ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். மானாவாரி நிலம், ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு. இரண்டு வருடமாக மழை இல்லை. நிலத்தில் விதைக்கவே இல்லை. கரிமூட்டை ஏற்றி ரயிலடிக்கு வண்டி அடித்துத்தான் அவனும் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் கஞ்சி குடித்தார்கள். கடை நின்றாலும் சரி, போனாலும் சரி, அந்த மாடுகள் மேல் கை வைக்கும்படி ஆகிவிடக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு விரோதமான வேண்டுதல்தான். இருக்கட்டும்.

பாக்குவெற்றிலை வைத்து அழைக்க அவர் ஊருக்குப் புறப்பட்டபோது தெளிவாகச் சொல்லி அனுப்பினேன். "தேங்காய் பழத்தோட வந்து மடியில உக்கார வச்சா போதும்னு அவன்ட்ட சொல்லுங்க. தோடு நாங்க எடுத்துட்டோம்னு சொல்லுங்க. மறந்துராதீங்க."

மறக்கவில்லை. திரும்பி வந்து, "சொன்னேன்" என்றார்.

"என்ன சொன்னான்?"

"சிரிச்சான்."

எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவன் ஏன் சிரித்தான் என்று பிறகு அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊர்ச் சாவடியில் நாலு பேர் இருக்கும்போது இவர் அதைச் சொல்லியிருக்கிறார். தாய்மாமனைப் பார்த்துச் சீர் வேண்டாம் என்று நாலு பேர் நடுவில் சொன்னால், உன்னால் முடியாது என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் அர்த்தம். மெட்ராஸில் கடை வைத்திருக்கிற மச்சான் சொல்லிவிட்டார், கேட்டவர்கள் இவன் முகத்தைப் பார்த்தார்கள், இவன் சிரித்தான். நான் சொல்லாமலே இருந்திருந்தால் ஒரு அரைப் பவுனோடு முடிந்திருக்குமாம். சொன்னாலும் கேடு, சொல்லாவிட்டாலும் கேடு என்றால் ஒரு பொம்பளை என்னதான் செய்வாள்?

விசேஷத்தை ஊரில் வைக்கலாம் என்று அவர் அழைக்கப் போவதற்கு முன்பே சொல்லிப் பார்த்தேன். அங்கே வைத்தால் கடை கஷ்டத்தில் இருப்பது தெரிந்துவிடும் என்றார். மெட்ராஸில் வைத்தால் கடை வாடிக்கையாளர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிடலாம். ஊர்க்காரர்களில் வர முடிகிறவர்கள் வருவார்கள், முடியாதவர்கள் வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். ஆகமொத்தம் இரண்டு பக்கமும் மொய் என்று விளக்கினார். ஆவணியில் நாள் பார்த்து, சைதாப்பேட்டையில் ஒரு சின்னச் சத்திரம் பிடித்தோம். அரிசிக்குத் தட்டுப்பாடு, அங்கே இங்கே சொல்லி மூட்டை சேர்த்தோம். சத்திர வாடகை, சமையல், மைக் செட், பத்திரிகை எல்லாவற்றுக்கும் கடன். மொய் வந்ததும் முதலில் இதையெல்லாம் அடைத்துவிடலாம் என்று சொல்லிச் சொல்லியே வாங்கினார்.

தம்பி காலையில் வந்து இறங்கினான். அவன் கையில் ஒரு பை இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். சத்திரத்துக்கு எதிரே டாக்சி வந்து நின்றது. பின்னால் ஒரு ரிக்‌ஷா. அதிலிருந்து தட்டுத் தட்டாக இறங்கியது. பழத் தட்டு, தேங்காய்த் தட்டு, அதிரசத் தட்டு, எனக்குப் பட்டுப் புடவை, இவருக்கு வேட்டி சட்டை, பிள்ளைக்குச் சரிகை போட்ட பாவாடை, நடுவில் சிவப்புத் துணி விரித்த வெள்ளித் தட்டில் ஒரு ஜோடித் தோடும் ஒரு சங்கிலியும். என் தம்பி பெண்டாட்டி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மைக்கில், "தாய்மாமன் சீர் வருகிறது, எல்லாரும் வழி விடுங்கள்" என்றார்கள்.

எங்கள் வீட்டுக்கார அம்மாள், மயிலாப்பூரில் முன்கட்டில் இருப்பவர், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, உன் தம்பி ஜமாய்ச்சுட்டாரே. ஆத்துல நெறைய நெலபுலம் இருக்கோ?"

"இருக்கு மாமி" என்றேன். வேறென்ன சொல்ல?

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு என் மகள் அவன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அலறினாள். அவன் அவள் வாயில் சர்க்கரையைப் போட்டுப் போட்டுச் சமாதானம் செய்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

சாப்பாடு முடிந்தது. வாசலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, தாம்பாளம் வைத்து, நோட்டோடு ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மைக். எழுதுகிறவர் பேரையும் தொகையையும் அதில் சொல்வதுதான் வழக்கம். ஊரிலிருந்து வந்தவர்கள் எழுதினார்கள். மழை இல்லாத வருடம்; இவர் போட்டதை மட்டும், ஒரு ரூபாய் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், திருப்பி எழுதினார்கள். நிறையப் பேர் வரவில்லை. "ஊர்ல வச்சிருந்தா வந்திருப்போம்னு சொல்லச் சொன்னாக" என்று அவர்கள் சொல்லி அனுப்பியதை வந்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு மெட்ராஸ்காரர்கள் எழுந்தார்கள். கைகழுவிவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் கலர்த்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். மேஜையைத் தாண்டி நேராக என் மகளிடம் போனார்கள். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, கன்னத்தைக் கிள்ளி, போட்டோவுக்கு நின்றார்கள். மேஜையில் உட்கார்ந்திருந்தவர் பேனாவைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால் பாட்டுப் போட்டார்கள்.

நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும், அழைத்தால் வருவார்கள், சாப்பிட்டால் எழுதுவார்கள் என்றுதான் நினைத்தோம். இந்த ஊர்ப் படித்த ஜனங்கள் ரொக்கமாகக் கொடுப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கார அம்மாள் எவர்சில்வர் கூஜா கொடுத்தார். அடையாற்று வாடிக்கையாளர்கள் பிளாஸ்டிக் பொம்மைகள் கொடுத்தார்கள். ஒரு வீட்டார் ஒரு கவுன் கொடுத்தார்கள். பெட்டியில் தியாகராய நகர்க் கடையின் பேர் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதையும் தாங்கிக்கொண்டார். அவரை ஒடித்துப் போட்டது அவருடைய கூட்டாளிகள். பெரிய கடையில் அவரோடு வருடக்கணக்காக நின்றவர்கள். எல்லாரும் எங்கள் பக்கத்துக்காரர்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறைக்கு நாலு பேராகத் தங்கியிருந்தவர்கள். இவர் எழுதிய மொய்யில் பாதி அவர்கள் வீட்டு விசேஷங்களில்தான். அவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவர் தோளில் பெரிய அட்டைப்பெட்டி. எல்லாருமாகப் பணம் போட்டு ஒரு டேபிள் ஃபேன் வாங்கியிருந்தார்கள். அதன் அடியில் வெள்ளைப் பெயிண்டில் எல்லார் பேரும் எழுதியிருந்தது. "தனித்தனியா எழுதுறது பட்டிக்காட்டு வழக்கம்ணே. இப்பல்லாம் இங்க இப்படித்தான். பொருளா நின்னாத்தான் காலத்துக்கும் பேரு" என்றார் ஒருவர். எங்கள் போர்ஷனில் ஃபேன் மாட்ட பிளக் கிடையாது. ஒரு பல்புக்குத்தான் கரண்ட்.

"ரொம்ப சந்தோஷம்பா" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் சமையல் கட்டுப் பக்கம் போய்விட்டேன்.

கடைசியாக அந்த மீன்கார அம்மாள் வந்தாள். பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வேறு ஆள் மாதிரி இருந்தாள். நேராக மேஜைக்கு வந்து, "மொய் எங்க எய்துறது?" என்று கேட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து வைத்தாள். மெட்ராஸ் பக்கத்தில் அவள் ஒருத்தி மொய்தான் மைக்கில் வந்தது.

சத்திரத்துக்கும் சமையலுக்கும் மைக் செட்டுக்கும் கொடுத்தது போக மிஞ்சியது, சௌகார்பேட்டை பாக்கியில் பாதிகூட வரவில்லை.

தம்பி உடனே ஊருக்குத் திரும்பவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை மட்டும் ஊர்க்காரர்களோடு அனுப்பினான். அவன் வந்தால் எப்போதும் ஒரு பொழுது தங்க மாட்டான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும், தீவனம் போடணும் என்று வந்த காலோடு கிளம்புவான். இந்தத் தடவை மறுநாளும் இருந்தான். பீச்சுக்குப் போனான், கோயிலுக்குப் போனான், மருமகளைத் தோளில் வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றினான். சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"மாட்டுக்கு யாருடா தண்ணி காட்டுறா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அது இப்ப வாங்குனவுக பாடுக்கா."

"வித்துட்டியா?"

"வண்டியையும் சேத்துத்தான் கேட்டாக. மாடு போனப்புறம் வண்டிய வச்சு என்ன செய்ய?" பிறகு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வது போல, "மழை பேஞ்சா வாங்கிக்கிரலாம். மச்சான் சாவடியில வச்சு அப்படிச் சொன்னப்புறம் நான் வெறுங்கையோட வர முடியுமாக்கா? உனக்குத்தான அசிங்கம்" என்றான்.

மழை இல்லாத வருடத்தில் மாட்டுக்கு என்ன விலை கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அழுதேன். கோபம் கோபமாக வந்தது. அவன் மேலா, இவர் மேலா, வெறும் கையை வீசிக்கொண்டு போன மேகத்தின் மேலா என்று தெரியாத கோபம். யாரைத் திட்டினாலும் போன மாடு வராது.

அவன் ஊருக்குப் போன அடுத்த வாரமே தோட்டையும் சங்கிலியையும் இவர் கேட்டார். கேட்கக்கூட இல்லை. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தீபாவளி முடிஞ்சதும் மீட்டுறலாம்" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். ஆனால் தோடு வீட்டில் இருந்து கடை போனால் தம்பி மாடு விற்றதற்கும் அர்த்தம் இல்லை. தோடு போய்க் கடை நின்றால் அவனுக்கு நாலு காசு திருப்பிக் கொடுக்கலாம். இப்படி ஏதோ எனக்கு நானே சொல்லிக்கொண்டு நானே கழற்றினேன். காது இன்னும் ஆறியிருக்கவில்லை. துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று வேப்பங்குச்சியைச் சீவி, விளக்கெண்ணெய் தொட்டு, இரண்டு காதிலும் சொருகினேன். "மாமா குடுத்த தோடு எங்கம்மா?" என்று கேட்டாள். ஆசாரி பாலிஷ் போடுகிறார் என்றேன். வெகுநாள் வரைக்கும் ஆசாரி பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தார்.

பாக்கியைக் கட்டியதும் சௌகார்பேட்டைக்காரர் சரக்குக் கொடுத்தார். பெரிய கடைகள் எடுத்தது போக மிஞ்சிய நிறங்கள். அதைத் தைத்து, ராப்பகலாக நான் காஜா எடுத்து, கடை நிறைய அடுக்கினோம். தீபாவளிக்கு முந்தின வாரம் முழுக்க மழை. ஊரில் ஒரு சொட்டுப் பெய்யாத மேகம் அடையாற்றில் எங்கள் கடை வாசலில் முழங்கால் தண்ணீராக நின்றது. தியாகராய நகரில் மட்டும் குடை பிடித்துக்கொண்டு கூட்டம் நெரிந்தது என்று கேள்விப்பட்டோம். மார்கழியில் கடை இடத்துக்காரர் காலி செய்யச் சொன்னார். வாடகைப் பாக்கிக்கு அலமாரிகளை எடுத்துக்கொண்டு, துணிகளை மட்டும் விட்டார். சௌகார்பேட்டைக்காரர் விற்ற சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். கவுன்களை மூட்டை மூட்டையாகக் கட்டி, கைவண்டியில் ஏற்றி, பாலம் தாண்டி மயிலாப்பூருக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். முன்னறையில் சுவரோரமாக ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். அதற்குப் பிறகு எங்களுக்குப் படுக்கத்தான் இடம் இருந்தது. பெரிய கடைக்குப் போய்ப் பழைய வேலையைக் கேட்டார். முதலாளி பிரியமாகப் பேசி, இப்போதைக்கு ஆள் வேண்டியதில்லை, ஆடித் தள்ளுபடி சமயத்தில் வந்து பார் என்றாராம். ஊருக்கு நாங்கள் எதையும் எழுதவில்லை. எப்படி எழுதுவது?

பொங்கல் கழிந்து ஒரு காலை. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம். பார்த்தால் தம்பி. கையில் ஒரு மஞ்சள் பை. ஆள் பாதியாகியிருந்தான். உள்ளே வந்து, உட்கார்ந்து, மூட்டைகளில் சாய்ந்துகொண்டு காலை நீட்டினான்.

"ஊர்ல ஒண்ணுமில்லக்கா. நேத்துவரை சொந்த வண்டி அடிச்சிட்டு அடுத்தவன் வண்டிக்குக் கூலியா ஏற ஒரு மாதிரியா இருக்கு" என்றான். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் மூட்டைகளைத் தட்டிப் பார்த்தான். திரும்பி அடுக்கை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"சரக்கு நெறைய எறங்கியிருக்கு போல மச்சான். நல்ல நேரம் பாத்துத்தான் வந்திருக்கேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நீங்கள் சொல்லுங்கள் என்று நானும், நீ சொல் என்று அவரும்.

"ஆமா மாப்ள" என்றார்.

"நம்ம கடையில எனக்கு எந்த வேல குடுத்தாலும் செய்வேன். கூட்டிப் பெருக்குறதுன்னாலும் சரி. பிள்ளைகளுக்கு மாசாமாசம் ஏதாச்சும் அனுப்புனாப் போதும்."

"மொதல்ல சாப்புடு மாப்ள" என்றார்.

பழையதும் ஊறுகாயும்தான் இருந்தது. ருசித்துச் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சாப்பிடுகிறவனிடம் எப்படிச் சொல்வது என்று பிறகு நினைத்தேன். அவன் முற்றத்தில் கை கழுவி, துண்டை உருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தான். அடுக்கின் மேலிருந்து ஒரு மூட்டையை இழுத்து, கரிமூட்டை தூக்கிய லாவகத்தில் ஒரே எம்பில் தலைக்கு ஏற்றிக்கொண்டான்.

"கைவண்டிக்குக் குடுக்குற கூலி மிச்சம் மச்சான். ஒவ்வொண்ணா நான் கொண்டுபோய்ப் போட்டுர்றேன். எந்தப் பக்கம் போகணும்?"

மூட்டையோடு வாசலில் நின்று கேட்டான். என் வீட்டுக்காரர் ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டார். மூன்று பட்டனையும் நிதானமாக மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு, அவனுக்கு முன்னால் தெருவில் இறங்கி, அடையாற்றுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.